மீட்டர் சொல்வதை மட்டும் நம்பலாமா?
பழைய கார் வாங்கும் முன் ஓர் அறிவியல் பாடம்

மாணவர்களே, உங்கள் வீட்டில் ஒரு பழைய கார் வாங்கப்போகிறார்கள் என வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை அப்பாவுடன் நீங்களும் கார் விற்பனை நிலையத்திற்குப் போகிறீர்கள். வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. வெள்ளை நிறக் கார் ஒன்றைக் காட்டி விற்பனையாளர் சொல்கிறார்: "இது ஒரே ஓனர் கார், அண்ணே. 8 வருசத்துல வெறும் 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஆக்சிடென்ட் இல்ல, வெள்ளம் இல்ல. ஏறி உட்கார்ந்து பாருங்க, தம்பி!"

அப்பாவின் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது. இந்தக் காருக்காக உங்கள் குடும்பம் பல ஆண்டுகள் மாதத் தவணை கட்டப்போகிறது. அம்மாவும் தங்கையும் அதில்தான் பயணம் செய்யப்போகிறார்கள். இந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். பள்ளியில் படித்த காந்தம், வெப்ப விரிவு, அரிமானம், வினை வேகம் எல்லாம் இங்கே பயன்படும். அவற்றை விடவும் முக்கியமான ஒன்றைத் தமிழ்ப்பள்ளியிலேயே கற்றுவிட்டீர்கள். அதுதான் உற்றறிதலுக்கும் ஊகித்தலுக்கும் உள்ள வேறுபாடு.

1. மீட்டர் ஒரு சாட்சி மட்டுமே

"மீட்டர் 48,000 காட்டுகிறது" என்பது உற்றறிதல். "இந்தக் கார் 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்பது ஊகம். இரண்டும் ஒன்றல்ல. இன்றைய கார்களில் ஓடிய தூரம் ஒரு மின்னணு நினைவகச் சில்லில் எண்ணாகப் பதிவாகிறது. கருவி இருந்தால் அந்த எண்ணை மாற்றி எழுத முடியும்.

அப்படியானால் உண்மையை எப்படி அறிவது? முதலில் ஒரு சிறிய கணக்கு. 48,000 கி.மீ.-ஐ 8 ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 6,000 கி.மீ., அதாவது மாதம் 500 கி.மீ. வருகிறது. இப்போது விற்பனையாளரிடம் இயல்பாகப் பேச்சுக் கொடுங்கள். "முன்னாள் ஓனர் எங்கே வேலை செய்தார், அங்கிள்?" "கிள்ளான்லேர்ந்து கோலாலம்பூருக்குத் தினமும் போய் வருவார்" என்று பதில் வருகிறது. போக வர ஒரு நாளைக்கு 60 கி.மீ., ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஆகிறது. 8 ஆண்டில் 120,000 கி.மீ.! மீட்டர் சொல்வது ஒன்று, கதை சொல்வது வேறொன்று.

உடனே "பொய்!" என்று கத்திவிடாதீர்கள். அந்த ஓனர் பல ஆண்டுகள் கொமுட்டர் இரயிலில் போயிருக்கலாம். முரண்பாடு ஒன்று கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது அடுத்த சான்றைத் தேடச் சொல்கிறது.

பிரேக் மிதியின் இரப்பரைப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டனவா? ஸ்டீயரிங்கின் தோல் மினுமினுக்கிறதா? ஓட்டுநர் இருக்கையின் ஓரம், ஏறி இறங்கும் பக்கம், அமுங்கிக் கிழிந்திருக்கிறதா? பிறகு டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். தயாரிப்புக் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

இவை ஒவ்வொன்றும் தனியொரு சாட்சி. மீட்டரை மாற்றியவர் மிதியையும் இருக்கையையும் டயரையும் பராமரிப்புப் புத்தகத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றுவது மிகக் கடினம். எல்லாச் சாட்சிகளும் ஒரே கதையைச் சொன்னால் நம்பிக்கை கூடும். ஒன்றிரண்டு முரண்பட்டால் கேள்வி கேட்க வேண்டும்.

2. பளபளப்பின் அடியில் என்ன?

தொழிற்சாலையில் பூசப்படும் சாயத்தின் மொத்தத் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு தாள் அளவுதான். விபத்தில் நசுங்கிய தகட்டைப் பட்டறையில் நிமிர்த்தும்போது, மிஞ்சிய பள்ளத்தைப் புட்டி பூசி நிரப்புவார்கள். அதன் தடிமன் 1 மி.மீ.-ஐத் தாண்டுவதும் உண்டு. மேலே புதுச் சாயம் அடித்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆனால் காந்தத்தை ஏமாற்ற முடியாது. காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள தூரம் கூடும்போது ஈர்ப்பு விசை வேகமாகக் குறைந்துவிடும். குளிர்பெட்டியில் ஒட்டும் சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். துணி இல்லாவிட்டால் சாயத்தில் கீறல் விழும். விற்பனையாளரிடம் அனுமதி கேட்டு, இடக் கதவில் ஓரிடத்திலும் வலக் கதவில் அதே இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நன்றாக ஒட்டுகிறது, மறுபக்கம் நழுவுகிறது என்றால் அங்கே புட்டி இருக்கக்கூடும்.

இங்கே மாறிகளைக் கட்டுப்படுத்துவது முக்கியம். அதே காந்தம், அதே துணி, அதே வடிவமுள்ள பகுதி. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே காந்தம் ஒட்டாது. சில கார்களின் முன்மூடி அலுமினியத்தால் ஆனது, அதிலும் ஒட்டாது. இதை அறியாமல் சோதித்தால் நல்ல காரைக் குறை சொல்லிவிடுவீர்கள்.

புதுச் சாயம் என்றாலே பெரிய விபத்து என்று பொருளல்ல. கடைத்தெரு வாகன நிறுத்துமிடத்தில் யாரோ உரசியிருக்கலாம். அதனால் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். கதவுக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா? முன்மூடியைப் பிடித்திருக்கும் நட்டுகளில் சாயம் உரிந்து, சாவி போட்டுத் திருகிய தடம் தெரிகிறதா? காரின் முன்பகுதியும் பின்பகுதியும் மோதலின் ஆற்றலை உள்வாங்கி நசுங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒருமுறை நசுங்கி முறையாகச் சீர்செய்யப்படாத சட்டகம், அடுத்த மோதலில் அதே பாதுகாப்பைத் தராது.

3. வடிந்த பிறகும் வேலை செய்யும் வெள்ளம்

2021 டிசம்பரில் ஷா ஆலம் உட்பட கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நிறுத்தி வைத்த கார்கள் கூரை வரை மூழ்கிய படங்களைப் பார்த்தோம். அப்படி மூழ்கிய கார் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, இருக்கைத் துணியை மாற்றிவிட்டால், வெளியே பார்க்க நல்ல கார்தான். பிறகு என்ன சிக்கல்?

வேதியியல் பாடத்திற்கு வாருங்கள். வெள்ள நீர் தூய நீரன்று. அதில் உப்புகள் கரைந்திருக்கின்றன, எனவே அயனிகள் இருக்கின்றன, எனவே அது மின்சாரத்தைக் கடத்தும். காரில் நூற்றுக்கணக்கான மின் இணைப்பிகள் உள்ளன. மின்கலத்தின் இணைப்பு இருக்கும்போது நீர் புகுந்தால் அந்த இணைப்பிகளில் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து உலோகம் அரிக்கப்படும். நீர் வடிந்தபின் உப்பு மட்டும் உள்ளே தங்கிவிடும். நம் நாட்டின் ஈரக் காற்றிலிருந்து அது மீண்டும் ஈரத்தை இழுக்கும். அரிமானம் மெதுவாகத் தொடரும். பல மாதங்கள் கழித்து, வாங்கியவர் கையில் கார் இருக்கும்போது, சன்னல் வேலை செய்யாது. பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியும். நெடுஞ்சாலையில் இயந்திரம் நின்றாலும் நிற்கலாம்.

நீர் விட்டுச்சென்ற தடயங்களைக் கழுவுபவரின் கை எட்டாத இடத்தில் தேடுங்கள்:

• இருக்கை வாரை இறுதிவரை முழுமையாக இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறையோ நீர்க்கோடோ இருக்கிறதா?
• மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி, அதன் குழியில் மண்டியோ துருவோ உள்ளதா எனப் பாருங்கள்.
• இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளமும் திருகாணிகளும் துருப்பிடித்திருக்கின்றனவா?
• கதவை மூடிச் சில நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். பூஞ்சை வாடை வருகிறதா? மிகக் கடுமையான வாசனைத் திரவியத்தின் மணமும் ஒரு கேள்விதான். அது எதை மறைக்கிறது?

4. இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும்

கார் பார்க்கப் போவதாக முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லும்போது, "நாங்கள் வரும்வரை இயந்திரத்தை முடுக்க வேண்டாம்" என்று அப்பாவைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காரணம் இயற்பியலில் இருக்கிறது. சூடேறினால் உலோகம் விரிகிறது. தேய்ந்த பாகங்களுக்கு இடையிலான இடைவெளியும் மாறுகிறது. குளிர்ந்த இயந்திரத்தில் கேட்கும் சில தட்டொலிகள் சூடானதும் மறைந்துவிடும். மின்கலம் பலவீனமாக இருந்தாலும் காலையின் முதல் முடுக்கத்தில்தான் தெரியும். முன்பே சூடாக்கி வைத்த இயந்திரம், பாதிச் சான்று அழிக்கப்பட்ட ஆய்வுக்கூடம் போன்றது.

முடுக்கியதும் ஒருவர் பின்னால் சற்றுத் தள்ளி நின்று புகையைக் கவனிக்கட்டும்.

நீலப் புகை: இயந்திர எண்ணெய் எரிகிறது. வளையங்களோ அடைப்பிதழ்களின் காப்பு இரப்பர்களோ தேய்ந்திருக்கலாம்.

கறுப்புப் புகை: எரிபொருள் அதிகம், ஆக்சிஜன் போதவில்லை. முழுமையற்ற எரிதல்.

வெள்ளைப் புகை: இங்கே அவசரப்படாதீர்கள். பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயுவுடன் நீராவியும் உண்டாகிறது. குளிர்ந்த புகைக்குழாயில் அது சற்று நேரம் வெண்மையாகத் தெரிவதும் சொட்டுவதும் இயல்பு. நன்றாகச் சூடான பின்னும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், குளிர்விப்பு நீர் இயந்திரத்தின் உள்ளே கசிந்து ஆவியாகிக்கொண்டிருக்கலாம்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்புறம் பால் கலந்த மைலோ போல் இருந்தால் அது நீரும் எண்ணெயும் கலந்த பால்மம். குறுகிய தூரமே ஓடிய காரில் நீராவி குளிர்ந்து இப்படிச் சிறிதளவு படியவும் கூடும். எனவே எண்ணெய் அளவுகோலையும் இழுத்துப் பாருங்கள். அதிலும் அதே நிறம் என்றால் அந்தக் கார் வேண்டாம்.

எச்சரிக்கை: சூடான இயந்திரத்தின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, நீர் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் சீறும்.

5. ஓட்டிப் பார்க்கும்போது

ஓட்டுவது அப்பாவின் வேலை. கேட்பதும் பார்ப்பதும் உங்கள் வேலை. வானொலியை அணைத்துவிடச் சொல்லுங்கள். நேர்ச்சாலையில் கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? பிரேக் அழுத்தும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா? வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் தட்டும் சத்தம் வருகிறதா? முழுமையாகத் திருப்பி வட்டமடிக்கும்போது முன்சக்கரத்தில் "டக் டக்" என்கிறதா?

பிரேக்கும் டயரும் ஏன் இவ்வளவு முக்கியம்? 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 139 கிலோஜூல். 120 கி.மீ. வேகத்தில் 556 கிலோஜூல். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கிக் காரை நிறுத்துவது உராய்வுதான். டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயரைப் பயன்படுத்தக்கூடாது. மழையில் அந்தப் பள்ளங்கள்தான் நீரை வெளியேற்றுகின்றன. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்களின் கோணம் சரியில்லை. அது சிறு சீரமைப்பாகவும் இருக்கலாம், விபத்தில் வளைந்த சட்டகத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

6. காற்றுப்பை: மறக்கக்கூடாத ஒரு பாடம்

விபத்தில் உயிர்காக்கும் காற்றுப்பையே உயிரைப் பறித்த கதை நம் நாட்டிலும் நடந்தது. 2014இல் சரவாக்கில் நடந்த ஒரு விபத்தில், காற்றுப்பையின் ஊதுபொறி வெடித்துச் சிதறியதில் உலோகத் துண்டு பாய்ந்து ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். அது ஜப்பானின் டக்காத்தா நிறுவனம் செய்த ஊதுபொறி. உலகெங்கும் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் இதே காரணத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

காரணம் வேதியியல்தான். அந்த ஊதுபொறியில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தப்பட்டது. ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் இருக்கும்போது அந்த வேதிப்பொருளின் கட்டமைப்பு சிதைகிறது. வினை நிகழும் பரப்பளவு கூடுகிறது. பரப்பளவு கூடினால் வினை வேகம் கூடும் என்பது நீங்கள் படித்ததுதானே? எனவே பையை விரிக்க வேண்டிய வாயு அளவுக்கு மீறிய வேகத்தில் உருவாகி, உலோக உறையையே உடைத்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த மலேசியாவில் இது வெறும் பாடநூல் செய்தியல்ல.

ஓனர் கை மாறும்போது திரும்ப அழைக்கும் கடிதம் பழைய ஓனரின் முகவரிக்குப் போய்விடும். ஆகவே வாங்கும் முன் காரின் சேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில், மாற்ற வேண்டிய காற்றுப்பை இன்னும் இருக்கிறதா எனக் கேட்கச் சொல்லுங்கள். இந்த மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அந்த விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

7. வாய்ச்சொல்லும் தாளும்

விற்பனையாளர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் அல்லர். நேர்மையாகத் தொழில் செய்கிறவர், நீங்கள் நம்பும் மெக்கானிக்கை அழைத்துவந்து காரைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்க அனுமதிப்பார். "அதெல்லாம் தேவையில்ல, இன்னைக்கே முன்பணம் கட்டலைன்னா வேறொருத்தர் எடுத்துடுவார்" என்று அவசரப்படுத்தினால், அதையும் ஓர் உற்றறிதலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

"புஸ்பாக்கோம் பாஸ் ஆன கார்" என்பதும் அடிக்கடி கேட்கும் சொல். உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனை முக்கியமானதுதான். சேசி எண்ணும் இயந்திர எண்ணும் உண்மையானவையா என்று அது சரிபார்க்கிறது. ஆனால் இயந்திரம் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. ஒரு சோதனை எதை அளக்கிறதோ அதற்கு மட்டுமே அது விடை தரும்.

விற்பனையாளர் சொன்ன வாக்குறுதிகளை, "பெரிய விபத்தில் சிக்காதது, வெள்ளத்தில் மூழ்காதது, மீட்டர் மாற்றப்படாதது" என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி அப்பா கேட்கலாம். பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தந்து விற்பதை 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் தடை செய்கிறது. வணிகரிடம் வாங்கியதில் சிக்கல் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவுசெய்யலாம். அங்கே சான்று வேண்டும். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும், தாள் நிற்கும்.

அந்த வெள்ளைக் காருக்குத் திரும்புவோம். அது நல்ல காராகவே இருக்கலாம். எல்லாச் சாட்சிகளும் ஒத்துப்போனால் அப்பா நிம்மதியாகக் கையொப்பம் இடலாம். ஒத்துப்போகாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வீடு திரும்பலாம். கார் நிலையத்தில் கார்களுக்குப் பஞ்சமில்லை. நம்புவதற்கு முன் சோதிப்பது யாரையும் அவமதிப்பதாகாது, அறிவியல் அப்படித்தான் நடக்கிறது.

செய்து பாருங்கள்

1. வீட்டிலுள்ள காரின் நான்கு டயர்களிலும் உள்ள தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் கண்டுபிடித்து எழுதுங்கள். நான்கும் ஒன்றா? இல்லையென்றால் ஏன்? அப்பா அம்மாவிடம் கேட்டு உங்கள் ஊகத்தைச் சரிபாருங்கள்.

2. அதே காரின் மொத்தத் தூரத்தை அதன் வயதால் வகுத்து ஆண்டுச் சராசரி காணுங்கள். உங்கள் குடும்பத்தின் உண்மையான பயணத்தோடு அது பொருந்துகிறதா?

3. ஒரு காந்தத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே 1, 2, 4, 8 எனத் தாள்களை வைத்து, அது எத்தனை காகிதக் கிளிப்புகளின் எடையைத் தாங்குகிறது எனச் சோதியுங்கள். தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது?

4. 5 வயதுக் காரின் மீட்டர் 30,000 கி.மீ. காட்டுகிறது. பிரேக் மிதியின் இரப்பர் புத்தம் புதியதாக இருக்கிறது. இதற்கு இரண்டு வெவ்வேறு ஊகங்களை எழுதி, எது சரி என்று அறிய எந்தச் சான்றைத் தேடுவீர்கள் எனக் குறிப்பிடுங்கள்.